தனிக்காய் வைக்காதே என்று எழுதியவருக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் புதுச்சேரி குருசுக்குப்பத்தில் இட்லி மாவு அரைத்து விற்கிறவள். வயது அறுபத்து நான்கு. இதற்கு முன் உங்களுக்கு ஒரே ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன், எங்கள் தெருவிளக்கு பற்றி. கடிதமும் வரவில்லை, விளக்கும் எரியவில்லை. இதையாவது போட்டுவிடுங்கள்.

காலாண்டு விடுமுறைக்கு வில்லியனூரிலிருந்து என் பேரன் வந்திருக்கிறான். ஒன்பதாவது படிக்கிறான். வந்த அன்றே உங்கள் மாணவர் பக்கத்தில் பேக்கமன் ஆட்டம் பற்றிய கட்டுரை வந்தது. அதைக் கத்தரித்து ஆட்டப்பெட்டி மூடியின் உள்பக்கம் சோற்றுப்பருக்கை வைத்து ஒட்டிவிட்டான். அதற்கு முன் என்னோடு ஐந்து ஆட்டம் ஆடினால் இரண்டையாவது எடுப்பான். கட்டுரை ஒட்டிய பிறகு ஒன்றுகூட எடுக்கவில்லை. "ஏன்டா இப்படி ஆடுற" என்று கேட்டால், "பேப்பர்ல போட்டிருக்கு ஆயா" என்கிறான்.

பேப்பரில் போட்டது மூன்று. தனிக்காய் ஒருபோதும் வைக்காதே. வைக்க நேர்ந்தால் எதிரிக்காயிலிருந்து எவ்வளவு தூரமோ அவ்வளவு நல்லது. எதிராளி பந்தயத்தை இரட்டித்தால், பாதிக்குப் பாதி ஜெயிக்க வாய்ப்பு இல்லாவிட்டால் ஒதுங்கிவிடு. மூன்றும் கேட்பதற்கு நல்ல பிள்ளைக்குச் சொல்லும் புத்திமதி மாதிரிதான் இருக்கிறது. மூன்றும் தப்பு.

ஆட்டம் தெரியாதவர்களுக்காக நாலு வரி. பலகையில் 24 கட்டம், ஆளுக்குப் பதினைந்து காய், இரண்டு பகடை. ஒரு கட்டத்தில் இரண்டு காய் சேர்ந்தால் அது வீடு, எதிராளி அங்கே இறங்க முடியாது. ஒற்றையாக நின்றால் அது தனிக்காய், எதிரிக்காய் அங்கே இறங்கினால் வெட்டுப்படும். வெட்டுப்பட்ட காய் நடுக்கட்டையில் ஏறி, எதிராளியின் உள்ளறை ஆறு கட்டத்தில் ஏதாவது ஒன்றில் இறங்கி, முதலிலிருந்து நடக்கவேண்டும். அது இறங்கும்வரை மற்ற காயை நகர்த்த முடியாது. எல்லாக் காயையும் தன் உள்ளறைக்குக் கொண்டுவந்து முதலில் வெளியே எடுத்தவர் ஜெயித்தவர். எங்கள் வீட்டில் இதைத் தாயத்தின் பேச்சிலேயே 'பழம் எடுப்பது' என்போம்.

பெட்டி என் அப்பாவுடையது. அவர் சொல்தா, பிரெஞ்சு ராணுவத்தில் இந்தோசீனாவில் இருந்தவர். சைகோனிலிருந்து திரும்பும்போது கொண்டுவந்தது. தோல் குவளை இரண்டு, எலும்புப் பகடை இரண்டு. தானே புயல் அன்று ஓடு பறந்து மழை இறங்கியதில் பெட்டியின் ஒரு மூலை உப்பிக் கிடக்கிறது. கறுப்புக் காயில் ஒன்றுக்குப் பதில் சட்டைப் பொத்தான். ஆனால் அப்பா அதில் பேக்கமன் ஆடியதில்லை. அவரும் அவருடைய கூட்டாளிகளும் ஆடியது ழாக்கே என்ற பிரெஞ்சு ஆட்டம். பலகை அதேதான், ஆனால் அதில் வெட்டு கிடையாது. ஒற்றைக் காய் நின்றாலே அந்தக் கட்டம் அதற்குச் சொந்தம். யாரும் யாரையும் தொடாமல் ஓடிப்போய்ச் சேருவது. அப்பாவின் குணத்துக்கு அதுதான் ஒத்துவந்தது. 1962 ஆகஸ்ட் 16-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்று இருந்தது. அப்பா எழுதிக் கொடுக்கவில்லை. இருக்கிற இடத்தில் இருப்பதுதான் பாதுகாப்பு என்றார். சித்தப்பா எழுதிக் கொடுத்தார், அதுதான் பாதுகாப்பு என்று. சித்தப்பா பிள்ளைகள் பிரான்சில் இருக்கிறார்கள், நான் மாவு அரைக்கிறேன். யார் செய்தது சரி என்று கல்யாண வீடுகளில் இன்னமும் சண்டை நடக்கிறது. சரி, அது வேறு கதை.

வெட்டு உள்ள ஆட்டத்தை நான் கற்றது அம்மா வழியில். அம்மாவுக்குக் கடலூர் திருப்பாதிரிப்புலியூர். அங்கே பாடலீசுவரர் கோயில் தலபுராணமே சுவாமியும் அம்பாளும் சொக்கட்டான் ஆடிய கதையில்தான் தொடங்குகிறது. சுவாமி தோற்றதை ஒத்துக்கொள்ளவில்லை, அம்பாள் அவர் கண்ணைப் பொத்தினாள், உலகம் இருண்டது. அந்தத் தெருவில் பிறந்த என் ஆயா தாயம் ஆட உட்கார்ந்தால் அடுப்பில் குழம்பு பொங்கினாலும் எழுந்திருக்கமாட்டாள். தாயத்தில் மலை என்று குறுக்குக் கோடு போட்ட கட்டங்கள் உண்டு. அங்கே நின்றால் வெட்டமுடியாது. நான் சின்ன வயசில் எல்லாக் காயையும் மலையிலேயே ஏற்றி வைத்துக்கொண்டு கெட்டிக்காரி மாதிரி உட்கார்ந்திருப்பேன். ஆனால் எங்கள் வீட்டுச் சட்டப்படி ஒரு காயையாவது வெட்டாமல் உள்சுற்றுக்குள் நுழைய முடியாது. வெட்டவேண்டுமானால் மலையை விட்டு இறங்கி அடுத்தவள் பகடைக்கு முன்னால் நிற்கவேண்டும். ஆயாவின் காய்கள் ஒவ்வொன்றாகப் பழமாகிக்கொண்டிருக்கும், நான் மலையில் பத்திரமாக இருப்பேன்.

பேக்கமனுக்கு வருகிறேன். கட்டுரை எழுதியவர் முதல் வீச்சில் 2-1 விழுந்தால் என்ன செய்வார்? பலகையை அடுக்கி வைத்துப் பாருங்கள். 24-ல் இரண்டு, 13-ல் ஐந்து, 8-ல் மூன்று, 6-ல் ஐந்து. அவரவர் உள்ளறை முனையிலிருந்து 1, 2 என்று எண்ணுவது வழக்கம். இந்த நிலையில் 2-1ஐ எப்படி ஆடினாலும் ஒரு தனிக்காயாவது நிற்கும். வேறு வழியே இல்லை. 'ஒருபோதும் வைக்காதே' என்பது முதல் வீச்சிலேயே உடைந்துபோகிறது. ஆகவே கேள்வி வைக்கலாமா கூடாதா என்பதல்ல. எங்கே வைப்பது, எப்போது வைப்பது, வெட்டுப்பட்டால் எவ்வளவு போகும், அதுதான் கேள்வி.

தூரம் பற்றிய தப்பைப் பேரனுக்குத் தரையிலேயே காட்டினேன். கோலமாவில் ஆறுக்கு ஆறு கட்டம் போட்டேன், மொத்தம் 36. இடப்பக்கம் ஒரு பகடை, மேல்பக்கம் இன்னொன்று. "எதிரி ஆறு கட்டம் தள்ளி இருக்கான்னு வச்சுக்கோ. எந்த எந்த வீச்சு உன்னை வெட்டும்? பட்டாணி வை" என்றேன். ஏதாவது ஒரு பகடையில் 6 விழுகிற கட்டங்கள் பதினொன்று. 5-1க்கு இரண்டு, 4-2க்கு இரண்டு. 3-3, 2-2 ஒவ்வொன்று, ஏனென்றால் இரட்டை விழுந்தால் நான்கு தடவை நகர்த்தலாம். எண்ணினால் பதினேழு பட்டாணி. பிறகு ஒரே ஒரு கட்டம் தள்ளி, எதிரியின் மூக்குக்கு முன்னால் வைத்தால்? பதினொன்றுதான். பையன் திரும்பத் திரும்ப எண்ணினான். குறுக்கே வீடு எதுவும் இல்லாவிட்டால் கணக்கு இதுதான்: ஒரு கட்டத்தில் 11, இரண்டில் 12, மூன்றில் 14, நான்கிலும் ஐந்திலும் 15, ஆறில் 17. ஏழாவதில் திடீரென்று 6 ஆகிவிடும். ஒரு பகடையால் எட்டமுடியாது, இரண்டும் சேர்ந்து விழுந்தாகவேண்டும் அல்லவா? ஆகவே ஆறுக்குள் நிற்கவேண்டி வந்தால் கிட்டப் போய் நில், முடிந்தால் ஆறைத் தாண்டி நில். 'எவ்வளவு தூரமோ அவ்வளவு நல்லது' என்று படித்த பிள்ளை, நேராகப் போய் ஆறாவது கட்டத்தில், இருப்பதிலேயே மோசமான இடத்தில், நிற்கிறான். இந்த ஒரு வரிக்காகவாவது நீங்கள் திருத்தம் போடவேண்டும்.

ஆனால் அவன் தோற்பதற்குப் பெரிய காரணம் முதல் புத்திமதிதான். போன செவ்வாய்க்கிழமை ஆட்டத்தைச் சொல்கிறேன். மத்தியானம் மூன்று மணி, அரிசி ஊறிக்கொண்டிருந்தது. அவனுக்கு 13-ல் இரண்டு காய், 8-ல் மூன்று, 6-ல் நான்கு, 5-ல் மூன்று, 3-ல் மூன்று. என் காய் இரண்டு அவன் உள்ளறையின் நாலாம் கட்டத்தில் வீடு கட்டிக் காவல் இருக்கிறது. என் உள்ளறையில் அப்போது இரண்டே வீடு. அவனுக்கு 5-2 விழுந்தது.

நான் அவன் இடத்தில் இருந்தால் 13-லிருந்து ஒரு காயை ஏழு கட்டம் நகர்த்தி 6-ல் சேர்த்திருப்பேன். 13-ல் ஒன்று தனியாக நிற்கும். என் காவலிலிருந்து அதற்கு ஒன்பது கட்டம். 6-3, 5-4, 3-3 விழுந்தால்தான் வெட்டு, 36-ல் ஐந்து வீச்சு. அப்படியே வெட்டினாலும் அவனுக்கு நட்டம் பன்னிரண்டு கட்ட நடை. என் உள்ளறை ஓட்டை, 36-ல் நான்கு வீச்சைத் தவிர எது விழுந்தாலும் உடனே இறங்கிவிடலாம்.

அவன் மூடியைத் திருப்பிப் பார்த்தான். 8-லிருந்து ஒன்றையும் 5-லிருந்து ஒன்றையும் 3-ல் கொண்டுபோய்ப் போட்டான். தனிக்காய் இல்லை. 3-ல் ஐந்து காய் அடுக்கு அடுக்காக நிற்கிறது, முன்னால் இடமில்லாமல். "பாத்தியா, ஒண்ணுகூடத் தனியா இல்ல" என்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அவசரமும் இல்லை, என் உள்ளறையை ஒவ்வொரு வீடாகக் கட்டிக்கொண்டே போனேன். அவன் 13-ஐத் தொடமாட்டேன் என்று பிடிவாதமாக உள்ளே இருப்பதைக் கலைத்துக் கலைத்து ஆடினான். எட்டாம் கட்டம் காலி. நாலைந்து வீச்சு கழித்து 6-5 விழுந்தது. ஆறு நகர்த்த 13-ஐ விட்டால் வேறு காய் இல்லை. ஒன்றை 2 வரை கொண்டுபோனான், 13-ல் ஒன்று தனியாக நின்றது. அதே ஒன்பது கட்டம், அதே ஐந்து வீச்சு. ஆனால் இப்போது என் உள்ளறையில் ஐந்து வீடு. வெட்டுப்பட்டால் அவனுக்கு இறங்க ஒரே ஒரு ஓட்டை, 36-ல் 25 வீச்சு வீண்.

6-3 விழுந்தது. அவன் காய் நடுக்கட்டையில் உட்கார்ந்திருக்க, நான் பாட்டுக்கு மற்ற காயைக் கொண்டுவந்தேன். அவன் பகடையை உருட்டுவதும் எழுந்துபோய்த் தண்ணீர் குடிப்பதுமாக இருந்தான்.

ஆபத்து குறைந்ததா அந்த நாலைந்து வீச்சில்? 5/36 என்பது 5/36 ஆகவேதான் இருந்தது. முதலில் பன்னிரண்டு கட்டம் போயிருக்கும், கடைசியில் ஆட்டமே போயிற்று. எதிராளி ஏழையாக இருக்கும்போது கொடுத்துத் தொலைக்கவேண்டிய கடனை, அவள் பணக்காரி ஆனபிறகு வட்டியோடு கொடுத்தான். பாதுகாப்பாக ஆடுகிறேன் என்று நினைக்கிறவர்கள் செய்வது பெரும்பாலும் இதுதான், ஆபத்தைத் தள்ளிப்போடுகிறார்கள். அது போய்விட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

6-3 விழுந்ததால்தான் நான் இப்படிப் பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். விழாமல் தப்பித்திருந்தாலும் அவன் ஆடியது தப்புதான். 1979-ல் மாண்டி கார்லோவில் ஹான்ஸ் பெர்லினர் என்பவர் செய்த கம்ப்யூட்டர் ஆட்டக்காரன், அப்போதைய உலகச் சாம்பியன் லூயிஜி வில்லாவை 7-1 என்று ஜெயித்தது. பிறகு பெர்லினர் ஆட்டங்களைத் திரும்பப் பார்த்தபோது, நன்றாக ஆடியது வில்லாதான் என்று சொன்னார். தன் யந்திரம் செய்த பிசகுகளையும் பகடை உதவியதையும் மறைக்கவில்லை. ஜெயித்தவரே இப்படி ஒத்துக்கொள்வது அபூர்வம். எங்கள் தெருவில் ஒரு ஓய்வுபெற்ற ஃபோர்மேன் அண்ணன் இருக்கிறார், ஒரு ஆட்டம் ஜெயித்தால் அந்த வாரம் முழுக்க நமக்குப் பாடம் நடத்துவார்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், துணிந்து ஆடுவதே சரி என்று யாரும் எடுத்துக்கொள்ளக்கூடாது. முன்சொன்ன 2-1க்கே வாருங்கள். பழைய பெரிய ஆட்டக்காரர்கள் 6-லிருந்து ஒரு காயை 5-ல் தனியாக இறக்குவார்கள். ஐந்தாம் கட்டம் அவ்வளவு முக்கியம், அடுத்த வீச்சில் மூடிவிட்டால் வீடாகிவிடும். எதிரி நான்கு கட்டம் பின்னால், 36-ல் 15 வெட்டு, வெட்டுப்பட்டால் இருபது கட்டம் நட்டம். 1990களின் தொடக்கத்தில் ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜெரால்ட் டெசாரோ ஒரு புரோகிராம் எழுதினார். தனக்குத்தானே லட்சக்கணக்கான ஆட்டம் ஆடியே கற்றுக்கொண்டது அது. அந்த யந்திரம் 5-ல் இறக்கவில்லை. 24-ல் இருந்த பின்காயில் ஒன்றை 23-க்கு நகர்த்திப் பிரித்தது. ஆட்டக்காரர்கள் அலசிப் பார்த்துவிட்டு யந்திரம் சொல்வதுதான் சரி என்று மாறிக்கொண்டார்கள். இதைச் சித்தப்பா மகன் போனில் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது, ஐந்தில் இறக்குவது எனக்குப் பிடிக்கும். ஆனால் ஒன்று கவனியுங்கள், யந்திரம் நிறுத்தியதும் தனிக்காய்தான். எதிராளியின் உள்ளறை காலியாக இருக்கும் இடத்தில், வெட்டுப்பட்டால் அதிகம் போகாத காயை நிறுத்தியது.

1978-ல் உலகச் சாம்பியனான அமெரிக்கர் பால் மக்ரீல், எப்போது துணியலாம் எப்போது ஒதுங்கலாம் என்பதற்கு அடையாளங்கள் வகுத்திருக்கிறார். அதில் எனக்குத் தினமும் உதவுகிறவை இரண்டு. எதிராளியின் உள்ளறையில் வீடு அதிகமானால் ஒதுங்கு, குறைவானால் துணி. எதிராளியின் உள்ளறையில் உனக்கு என்று ஒரு வீடு இருந்தால் துணி, ஏனென்றால் வெட்டுப்பட்டாலும் இறங்க இடம் உண்டு. பேரனுக்கு இதைச் சொன்னதும், "ஆயா, மழைக்கு நீ மாவைக் குறைக்கிற மாதிரியா?" என்றான். எனக்குச் சுருக்கென்றது. ஐப்பசி கார்த்திகையில் வானம் கறுத்தால் நான் அரிசியைக் குறைத்துத்தான் ஊறவைப்பேன். மாவு மிஞ்சினால் அடுத்த நாளே புளிப்பு ஏறி, பாதி விலைக்குக்கூடப் போகாது. ஆனால் குறைத்துப் போட்டு மாவு தீர்ந்துவிட்டால், வந்தவர்கள் அடுத்த தெருக் கடைக்குப் போய் அங்கேயே பழகிவிடுவார்கள். மிஞ்சியது கண்ணுக்குத் தெரிகிறது, தொட்டியில் நுரைத்துக்கொண்டு நிற்கிறது. வராமல் போனவர்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. நான் குறைப்பது சரியா என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன், இன்னும் முடிவுக்கு வரவில்லை.

மூன்றாவது புத்திமதி, இரட்டிப்பு. பந்தயத்தை இரட்டிக்கும் இந்த வழக்கம் 1920களில் நியூயார்க்கில் சேர்ந்தது. ஆட்டம் தனக்குச் சாதகமாக இருக்கும்போது ஒருவர் பந்தயத்தை இரட்டிக்கலாம். மற்றவர் ஏற்கலாம், அல்லது ஒற்றைப் பந்தயத்தைக் கொடுத்துவிட்டு எழுந்திருக்கலாம். பாதிக்குப் பாதி இல்லாவிட்டால் எழுந்துவிடு என்கிறது கட்டுரை. நாங்கள் காசு வைத்து ஆடுவதில்லை, புளியங்கொட்டைதான். கொட்டையிலேயே கணக்குப் போடுங்கள். ஒரே மாதிரி நான்கு ஆட்டம். நான்கிலும் எழுந்துவிட்டால் நான்கு கொட்டை போச்சு. நான்கையும் ஏற்று, ஒன்றில் மட்டும் ஜெயித்தால் இரண்டு வரும், மூன்றில் தோற்றால் ஆறு போகும். நிகரம் அதே நான்கு கொட்டை. அதாவது நாலில் ஒன்று ஜெயிக்க வாய்ப்பு இருந்தாலே, எழுந்திருப்பதைவிட ஏற்பது மோசமில்லை. தோற்றால் இரட்டை நட்டமாகும் ஆட்டங்கள் இருக்கின்றன, அங்கே கொஞ்சம் கூடுதலாக வேண்டும். ஆனால் பாதி தேவையில்லை. பாதி வாய்ப்பு இருந்தும் எழுந்து எழுந்து என் பேரன் ஒரு டப்பா கொட்டையைத் தோற்றிருக்கிறான்.

கட்டுரை எழுதியவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. பிள்ளைகளுக்கு ஆட்டம் சொல்லித்தர ஒரு பக்கம் ஒதுக்கினீர்கள், நல்ல காரியம். ஆனால் தூரக் கணக்கைத் திருத்திப் போடுங்கள். அந்த 11, 12, 14, 15, 15, 17, பிறகு 6 என்பதைப் பெரிய எழுத்தில் போட்டாலே போதும், மிச்சத்தைப் பிள்ளைகள் ஆடித் தெரிந்துகொள்வார்கள்.

பேரனிடம் இவ்வளவையும் பட்டாணி வைத்துச் சொல்லி முடித்தேன். தலையை ஆட்டினான். அப்புறம் மூடியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "நீ சொல்றது சரியாத்தான் இருக்கு ஆயா. ஆனா பேப்பர்ல வரட்டும்" என்றான். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது, அவன் வில்லியனூர் போய்விடுவான். ஞாயிற்றுக்கிழமைக்குள் போட்டால் உதவியாக இருக்கும். ஒட்டுவதற்கு மூடியில் இடம் விட்டு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
மாவுக்கார வாசகி,
குருசுக்குப்பம், புதுச்சேரி